இறங்கத் தெரியாத கிளி

பக்கத்து வீட்டு அக்கா மஸ்கட்டுக்குக் கிளம்பியது தை மாதக் கடைசியில். அங்கே மருமகளுக்குப் பிரசவம். திரும்பி வர ஒரு வருடம் ஆகும் என்று மகன் சொல்லிவிட்டானாம். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, கிளிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்.

"இதை எங்கிட்டுப் போயி விடுறது சொல்லு. நீயும் ஒங்க மாமனாரும்தான் பாத்துக்கிரணும்."

அந்தக் கிளிக்கு அப்போது மூன்று வயது. எங்கோ பனைமரம் வெட்டியபோது பொந்திலிருந்து விழுந்த குஞ்சை யாரோ அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பருப்பை மசித்து ஊட்டி வளர்த்தார். அதற்கு முந்தின வருடம்தான் அதன் கழுத்தில் கறுப்பும் ரோஸும் கலந்த வளையம் வந்து, ஆண் கிளி என்று தெரிந்தது. அக்கா அதைப் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்.

கூண்டோடு ஒரு பையும் கொடுத்தார். அதில் வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், ஒரு சின்னக் கத்திரிக்கோல்.

"றெக்கையில புது எறகு மொளச்சா நறுக்கி விட்டுரு. நகம் வெட்டுற மாதிரிதான், வலிக்காது. மறந்துறாத, என்ன?"

"சரிக்கா" என்றேன். ஊருக்குக் கிளம்புகிறவரிடம் வேறு என்ன சொல்வது?

எங்கள் வீடு கீரனூரில். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை எனக்கு. காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலம் ஆறரைக்கு வீடு. கணவர் கத்தாரில் இருக்கிறார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நானும் மாமனாரும்தான். அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முட்டிவலிக்காரர். அதிகம் பேசமாட்டார். "சாப்பிட்டீங்களா மாமா?" "ஆச்சு. நீ சாப்புடு." இதற்கு மேல் எங்களுக்குள் ஒரு நாளில் பெரிதாகப் பேச்சு இருக்காது. சண்டை எதுவும் கிடையாது. பேச விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

அக்கா போன மூன்று நாளும் கிளி சாப்பிடவில்லை. கூண்டின் மூலையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாலாவது நாள் லீவு போட்டுவிட்டு, கூண்டின்மேல் துண்டைப் போர்த்தி, கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன். மாமாவும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். நான் கூப்பிடவில்லை.

டாக்டர் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். கிளியைத் துண்டில் சுற்றிப் பிடித்து மல்லாக்கத் திருப்பினார். என் விரலை இழுத்து அதன் நெஞ்சில் வைத்தார்.

"தொட்டுப் பாருங்க. என்ன தெரியுது?"

நெஞ்செலும்பு கத்தியின் விளிம்பு மாதிரி மேலே துருத்திக்கொண்டு நின்றது. தினமும் நூறு பேருடைய எலும்பைப் படத்தில் பார்க்கிறவள் நான். ஆனாலும் உயிருள்ள ஒன்றின் எலும்பு விரலில் இப்படி நேராகத் தட்டுப்பட்டபோது கையை எடுத்துவிட்டேன்.

"பறக்குற பறவைக்கு மொத்தச் சதையும் இங்கதான் இருக்கும். ரெண்டு பக்கமும் புடைச்சு இருக்கணும். இது வயசுக்கு வந்ததுல இருந்து றெக்கையவே அடிச்சதில்ல போல."

இறக்கையை விரித்துக் காட்டினார். ஓரத்து நீள இறகுகள் எல்லாம் பாதியோடு ஒரே சீராக வெட்டப்பட்டு, தேய்ந்த துடைப்பம் மாதிரி இருந்தன. சாப்பிடாமல் இருப்பது ஏக்கத்தினால்தான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை வீட்டுல வளக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியும்ல?" என்றார்.

அரைகுறையாகத் தெரியும். தெருவில் நாலு வீட்டில் கிளி இருக்கும்போது அந்த அரைகுறை போதுமானதாக இருந்தது.

டாக்டரே வனத்துறைக்குப் போன் செய்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வனக்காவலர் வீட்டுக்கு வந்தார். மிரட்டப் போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் காபியை வாங்கிக் குடித்துவிட்டு, கூண்டைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இப்ப வெளிய விட்டா பூனைக்குத்தாங்க சாப்பாடு. நாங்க வாங்கிட்டுப் போனாலும் ஒரு கூண்டுலதான் வைக்கணும். மாடியில ரூம் சும்மா கெடக்குன்னு சொல்றீங்க. டாக்டரம்மாவும் பாத்துக்குறேங்கிறாங்க. எறகு மொளச்சுப் பறக்குற வரைக்கும் ஒங்க பொறுப்புன்னு எழுதிக் குடுங்க. அப்பறம் நான் வந்து நின்னு விட்டுருவோம்."

நான் கையெழுத்துப் போடும்போது மாமா கேட்டார்.

"குஞ்சுல பறக்காதது இனிமே பறக்குமா சார்?"

"டாக்டரம்மா கஷ்டம்னாங்க. முடியாதுன்னு சொல்லல."

அன்றைக்கே, கட்டிலையும் அலமாரியையும் விட்டுவிட்டு, மகளுடைய மாடி அறையைக் காலி செய்தோம். டாக்டர் சொன்ன முதல் வேலை, மின்விசிறியைக் கழற்றி விடுவது. ஜன்னல்களில் நைலான் வலை அடித்தோம். கண்ணாடியில் காகிதப் பட்டைகள் ஒட்டினோம், இல்லையென்றால் வெட்டவெளி என்று நினைத்து மோதிக்கொள்ளுமாம். வேப்பங்கிளை இரண்டைக் குறுக்காகக் கட்டினோம். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மேலே ஏறினார். அந்த மாடிக்கு அவர் ஏறி இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

கூண்டைத் திறந்து வைத்தும் கிளி இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் அலகால் கம்பியைக் கவ்வி, ஒரு கால், இன்னொரு கால் என்று இறங்கித் தரையில் நடந்தது. அதற்கு அலகும் ஒரு கால்தான். நாற்காலிமேல் ஏறியது. அங்கிருந்து கிளைக்குத் தாவப் பார்த்துத் தரையில் தொப்பென்று விழுந்தது. எழுந்து இறகை உதறிக்கொண்டு, விழுந்தது தான் இல்லை என்பதுபோல் வேறு பக்கம் பார்த்தது.

டாக்டர் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். ஒரு குச்சியில் கிளியை உட்கார வைத்து, குச்சியைச் சட்டென்று கீழே இறக்க வேண்டும். விழுந்துவிடுவோமோ என்று அது இறக்கையை அடிக்கும். காலையில் இருபது தடவை, சாயங்காலம் இருபது. நான் வேலைக்குப் போய்விடுவதால் மாமா அதை எடுத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் குச்சியை இறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அவர் படியேறி வரும் சத்தம் கேட்டதுமே அது கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். அந்தக் காற்றில் அவருடைய செய்தித்தாள் அறை முழுக்கப் பறந்தது.

சித்திரையில் வெட்டுப்பட்ட முதல் இறகு விழுந்தது. இடது பக்கம். மூன்று நாள் கழித்து வலது பக்கத்தில் அதற்கு நேரான இறகும் விழுந்தது. பிறகு அடுத்த ஜோடி. நான் அதிசயப்பட்டு டாக்டரிடம் கேட்டேன். பறவைகளுக்கு அப்படித்தான், மொத்தமாகக் கொட்டிவிட்டால் பறக்க முடியாது, ஒரே பக்கமாகக் கொட்டினால் சாய்ந்துவிடும் என்றார். சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன்.

"பின்ன? ஒரு பக்க டயர மட்டும் மாத்துனா வண்டி இழுக்கும்ல" என்றார். இயற்கையை இவர்தான் சர்வீசுக்கு விட்டிருப்பதுபோல அவ்வளவு திருப்தி முகத்தில்.

புது இறகு முளைக்கும்போது மடக்கிய குடை மாதிரி ஒரு உறைக்குள் சுருண்டு வருகிறது. வளர்ந்து முடிகிற வரை அதற்குள் ரத்தம் ஓடும், ஒடிந்தால் நிற்காமல் வடியும், ஜாக்கிரதை என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதுவே நடந்தது. கிளையிலிருந்து அலமாரிக்குத் தாவியது கட்டில் விளிம்பில் அடித்துக்கொண்டது. நான் மேலே ஓடினபோது சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக ரத்தம். பயத்தில் அது இறக்கையை உதற உதற இன்னும் தெறித்தது.

டாக்டர் போனில், "சோள மாவு இருக்கா? அள்ளி வச்சு அழுத்திப் பிடிங்க. பத்து நிமிஷம் விடாதீங்க" என்றார்.

சூப்புக்கு வாங்கிய மாவு இருந்தது. மாமா கிளியைத் துண்டோடு பிடிக்க, நான் மாவை வைத்தேன். மாவு பாதி கீழே கொட்டியது.

"ஒனக்குக் கை ஆடுதுத்தா. நீ புடி, நான் அமுக்குறேன்."

மாற்றிக்கொண்டோம். கிளி அவருடைய கட்டை விரலைக் கவ்வியது. பாக்கு உடைக்கிற அலகு அது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். பத்து நிமிடம் முடிந்து ரத்தம் நின்ற பிறகு, அவர் விரலுக்குத்தான் நான் மருந்து போட வேண்டியிருந்தது.

ஆனி மாதத்தில் அது முதன்முதலாகப் பறந்தது. நான் பார்க்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"பய பறந்துட்டான்த்தா! அலமாரியில இருந்து ஜன்னலு வரைக்கும். ஆனா நிப்பாட்டத் தெரியல. நேராப் போயி வலையில மோதிச் சரிஞ்சு விழுந்தான். பிரேக்கு இல்ல அவனுக்கு."

அதன் பிறகு தினமும் எனக்கு ஒரு அறிக்கை கிடைத்தது. நான் இட்லிக்கு மாவு கரைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொல்வார். இன்றைக்கு அரை வட்டம் திரும்பினான். இன்றைக்கு வாலை விரித்தான். கிளி கிளம்புவதற்கு முன் கொஞ்சம் குனிந்து காலால் உந்துகிறது, இறக்கை அதற்கு அப்புறம்தான் என்று அவர்தான் முதலில் கவனித்தார். திரும்பும்போது எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்க இறக்கையைத் தாழ்த்தி உடம்பையே சாய்க்கிறது, மலைப்பாதையில் பைக் ஓட்டுகிறவன் மாதிரி என்றார். எனக்குப் பிடித்தது அது உட்காருகிற விதம். முதலில் மோதிக்கொண்டிருந்தது, ஆடி பிறப்பதற்குள் அழகாக உட்காரப் பழகிவிட்டது. கிளைக்கு ஒரு முழம் இருக்கும்போது உடம்பை நிமிர்த்தும். நீளமான வால் விசிறி மாதிரி விரியும். இறக்கை இரண்டும் முன்பக்கமாகக் காற்றைத் தள்ளும். கால்கள் நீண்டு வந்து கிளையைப் பிடித்த பிறகுதான் வால் சுருங்கும். ஒரு கண் சிமிட்டலில் நடக்கிற காரியம். பல நாள் பார்த்துத்தான் எனக்கு ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தது.

ஒன்று மட்டும் அதற்கு வரவில்லை. தரையிலிருந்து லாஃப்ட்டுக்கு ஏறிவிடும். அங்கிருந்து கீழே பறந்து வராது. விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும், இறக்கையை விரிக்கும், மடக்கிக்கொள்ளும். கடைசியில் திரைச்சீலையை அலகால் கவ்விக் கவ்வி இறங்கி வரும். டாக்டர் சிரித்தார். "மேல போறதுக்குப் பலம் போதும். இறங்குறதுக்குப் பழகணும். பெத்தவங்ககூடச் சுத்தியிருந்தா குஞ்சுலயே பழகியிருக்கும்."

இதற்கிடையில் வெள்ளிக்கிழமைதோறும் அக்கா வீடியோவில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பேத்தி பிறந்துவிட்டாள். குழந்தையைக் காட்டிவிட்டு, "எம் பிள்ளையக் காட்டு" என்பார். நான் கிளியின் முகத்தருகே போனைக் கொண்டுபோவேன். இறக்கை தெரியாமல் பார்த்துக்கொள்வேன்.

"எறகு வெட்டுனியா?"

"பாத்துக்கிறேன்க்கா."

பொய் என்று சொல்ல முடியாது, உண்மையும் இல்லை. வனத்துறைக் காகிதத்தைப் பற்றி முதல் வாரமே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பச்சைக் குழந்தையோடு ராத்தூக்கம் இல்லாமல் இருக்கிறவரிடம் இப்போது எதற்கு என்று தள்ளிப்போட்டேன். தள்ளத் தள்ள சொல்வது இன்னும் கஷ்டமானது.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, மொட்டைமாடிக் கொடியில் துணியைக் காயப் போட்டுவிட்டு, கிளிக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுக் கீழே ஓடினேன். பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. அறைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டதாகத்தான் நினைத்தேன். எட்டரைக்கு மாமா போன் செய்தார்.

"கதவு காத்துல தெறந்து கெடக்குத்தா. பய அங்கிட்டு அக்கா வீட்டுத் தென்னமரத்து உச்சியில உக்காந்திருக்கான்."

அனுமதி கேட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். மாமா எங்கள் மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தலையில் துண்டோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார். ஆடிக் காற்றில் தென்னை மட்டைகள் சுழன்று அடித்தன. நடுவில் பச்சையாக ஒரு புள்ளி, கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. விளிம்புக்கு நடந்து வரும். கீழே பார்க்கும். இறக்கையை விரிக்கும். மடக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். லாஃப்ட்டில் செய்ததும் இதேதான். ஆனால் தென்னை மரத்தில் திரைச்சீலை கிடையாது.

மரமேறத் தெரிந்தவரைக் கூப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"வேண்டாம். ஆள் ஏறினா பயந்து எங்கயாவது போயிரும். அதுக்குப் பசிக்கட்டும். நீங்க அதோட கண்ணுல படுற மாதிரி இருங்க, கூண்டையும் வைங்க."

இரண்டு காக்கைகள் வந்து அதைக் கொத்தப் பார்த்தன. அது மட்டைகளுக்குள் புகுந்துகொண்டது. அன்றைக்கு முழுவதும் இறங்கவில்லை. பொழுது சாய்ந்ததும் மாமாவை வற்புறுத்திக் கீழே கூட்டிவந்தேன். சாப்பாட்டைப் பிசைந்தார், சாப்பிடவில்லை.

"கதவ நான் பாத்திருக்கணும்" என்றார்.

"திறந்து விட்டது நான் மாமா."

"நீ வேலைக்கு ஓடுறவ. எனக்கு என்ன வேலை?"

மறுநாள் விடிந்ததும் நான் மேலே போனபோது அவர் ஏற்கெனவே அந்த நாற்காலியில் இருந்தார். கிளி உயிரோடு இருந்தது. எங்களைப் பார்த்ததும் கத்தியது. பத்து மணி வாக்கில் அது முதல் தடவையாக மரத்தை விட்டுக் கிளம்பியது. மாமா எழுந்து நின்றுவிட்டார். ஆனால் காற்று அதை ஒரு பக்கமாகத் தள்ள, அரை வட்டம் அடித்துப் பழையபடி உச்சிக்கே போய் உட்கார்ந்தது. மதியத்துக்குள் இன்னும் இரண்டு தடவை அப்படிச் செய்தது. ஒவ்வொரு தடவையும் வட்டம் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டு வந்தது.

நான் கடலை அவித்துக் கொண்டுவந்தேன். நாலு மணிக்குக் காற்று ஒரேயடியாக அடங்கியது. மாமா ஒரு கடலையை உடைத்து, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. கை வலித்தால் மாற்றிக்கொண்டார்.

கிளி கிளம்பியது. இந்த முறை மரத்துக்குத் திரும்பவில்லை. தெருவுக்கு மேலே போய், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, எங்கள் மாடியைத் தாண்டிப் போய்விட்டது. போச்சு என்று நினைத்தேன். திரும்பி வந்தது. இறக்கையை அடிக்காமல் அரைவாசி மடித்துக்கொண்டு கொஞ்சம் சரிந்தது, அடித்தது, மறுபடி சரிந்தது. மூன்றாவது சுற்றில் எங்கள் தலை உயரத்துக்கு வந்து, வாலை விரித்து, துணிக் கொடியைப் பிடித்தது. பிடித்த வேகத்தில் கொடியோடு சுழன்று தலைகீழாகத் தொங்கியது. அப்படியே தொங்கியபடி எங்களைப் பார்த்தது.

மாமா சத்தம் போட்டுச் சிரித்தார். கல்யாணமாகி வந்து இருபது வருடத்தில் நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. கிளி கொடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நடந்து வந்து, அவர் தோளில் ஏறிக் கடலையை வாங்கிக்கொண்டது.

"எறங்கிட்டான்த்தா" என்றார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "பெரிய ஆளுதான்."

அது வெள்ளிக்கிழமை. ஒரு மணி நேரத்தில் அக்காவின் அழைப்பு வந்தது. இனி மறைப்பது அசிங்கம் என்று தோன்றியது. சட்டம், காகிதம், முளைத்த இறகு, தென்னை மரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்காவின் முகம் அப்படியே நின்றது. போன்தான் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஒன்னைய நம்பித்தானே விட்டுட்டு வந்தேன்" என்றார். வைத்துவிட்டார்.

இரண்டு வெள்ளிக்கிழமை அவர் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டும் எடுக்கவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை அவரே கூப்பிட்டார். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"இதுக்கு முன்னாடி ஒண்ணு வளத்தேன். நீங்க இந்தத் தெருவுக்கு வரதுக்கு முந்தி. அது வீட்டுக்குள்ள நல்லாப் பறக்கும். ஒரு மத்தியானம் புழுக்கம்னு நான் ஃபேனப் போட்டேன். எங் கையாலதான் சுச்சப் போட்டேன்."

அக்கா குழந்தையின் போர்வையைச் சரிசெய்தார்.

"அதான் இதுக்குக் கத்திரிக்கோல எடுத்தேன். பறந்தாத்தானே சாகும்னு நெனச்சேன். நான் ஒண்ணும் கொடுமைக்காரி இல்லம்மா."

"தெரியும்க்கா. மாடியில ஃபேனக் கழட்டியாச்சு. மொத வேலையே அதுதான் செஞ்சோம்."

குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு கேட்டார்.

"எப்புடிப் பறக்குது? காட்டு."

போனை மேலே எடுத்துப் போனேன். மாமா அறையின் ஒரு மூலையில் நின்று கையை நீட்டினார். கிளி அலமாரியிலிருந்து கிளம்பி, ஜன்னல் பக்கம் சாய்ந்து திரும்பி, வந்து அவர் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

"ஆத்தாடி!" என்றார் அக்கா. "வாலு அம்புட்டு விரியுமா? எங்கிட்ட இருந்தப்ப அது வாலு விரிஞ்சே நான் பாத்ததில்லயே. இன்னொருக்கா விடச் சொல்லு."

ஐந்து தடவை பறக்க வைத்தோம். ஆறாவது தடவை கிளி மறுத்துவிட்டு அலமாரிமேல் இறகு கோதிக்கொண்டது.

"விட்டுருங்க" என்றார் அக்கா. "ஆனா நான் பாத்துக்கிட்டு இருக்கப்ப விடுங்க."

அடுத்து வந்த வாரங்களில் மொட்டைமாடி முழுவதையும் வலையால் மூடி, கிளியை அங்கே காற்றிலும் வெயிலிலும் பழக விட்டோம். புரட்டாசியில் டாக்டர் வந்து நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். என் விரலையும் வைக்கச் சொன்னார். எலும்பு தட்டுப்படவில்லை. இரண்டு பக்கமும் கெட்டியாகச் சதை.

அந்த வார வெள்ளிக்கிழமை காலை வனக்காவலர் வந்தார். வலையை ஒரு பக்கம் முழுக்க அவிழ்த்துவிட்டோம். போனைத் தண்ணீர்த் தொட்டியில் சாய்த்து வைத்தேன். அதில் அக்காவும் அவர் மருமகளும் குழந்தையும். கிளி இருபது நிமிடம் எங்களைக் காக்க வைத்தது. தட்டிலிருந்த கொய்யாவைத் தின்று முடித்தது. கைப்பிடிச் சுவரில் ஏறி நடந்தது. பிறகு குனிந்தது, உந்தியது, அவ்வளவுதான். ஒரே கோடாகத் தெருவைத் தாண்டி, வீடுகளுக்கு அப்பாலிருக்கும் தைலமரங்களை நோக்கிக் கத்திக்கொண்டே போனது.

"எங்க? எங்கிட்டுப் போச்சு? ஒண்ணும் தெரியலயே!" என்று போனிலிருந்து அக்கா கூவினார். மாமா போனை எடுத்து வானத்தின் பக்கம் திருப்பிக் காட்டினார். அதற்குள் அங்கே மேகத்தைத் தவிர எதுவும் இல்லை.

"அந்தா போறான் பாரும்மா, அந்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு பதினோரு நாள் காலையில் கிளி தட்டுக்கு வந்தது. கடைசி மூன்று நாள் வேறொரு கிளியும் கூட வந்து, தொட்டிமேல் தள்ளி உட்கார்ந்து எங்களைச் சந்தேகமாகப் பார்த்தது. பன்னிரண்டாவது நாளிலிருந்து வரவில்லை. மாமா இன்னும் ஒரு வாரம் தட்டில் கடலை வைத்தார். பிறகு அணில்களுக்கென்றே வைக்க ஆரம்பித்தார். முட்டிவலி குறையவில்லை. ஆனாலும் காலையும் மாலையும் மாடி ஏறுவதை விடவில்லை.

அக்கா மறு தையில் ஊருக்கு வந்தார். வந்த அன்றைக்கே எனக்கு ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொடுத்து, "கோவப்பட்டுட்டேன், மனசுல வச்சுக்கிராத" என்றார். சாயங்காலம் மூவரும் மாடியில் உட்கார்ந்தோம். ஆறு மணிக்குக் கிளிக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே போனது. பதினைந்து இருக்கும். கிளிகள் மிதப்பதில்லை, வட்டமிடுவதில்லை. போகிற இடம் தெரிந்தவைபோல இறக்கையை வேகவேகமாக அடித்து நேராகப் போகும். தென்னைகளுக்கு நடுவே வேகத்தைக் குறைக்காமல் எல்லாம் ஒன்றாகச் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்தன.

"இதுல எது எம் பிள்ளை?" என்றார் அக்கா.

"அந்தா, கடைசியா வருதே, அதுதான்" என்றார் மாமா கொஞ்சமும் யோசிக்காமல்.

அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. அக்காவும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, அதுதான். அது தலைய வச்சிருக்க விதமே தெரியுதே" என்றார்.

போன மாதம் காலை பஸ்ஸில் முன்பக்கம் இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டியதும் சாலையோரச் சோளக்காட்டிலிருந்து எட்டுப் பத்துக் கிளிகள் கிளம்பி, என் ஜன்னலுக்கு நேராக, பஸ்ஸுக்குச் சமமாகப் பறந்து வந்தன. இறக்கையின் அடிப்புறத்து மஞ்சள் சாயல்கூடத் தெரிந்தது. டிரைவருக்கு முன்னால் இருந்த வேகமானி முள்ளை எட்டிப் பார்த்தேன். நாற்பத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே. கிளிகள் இன்னும் சிறிது முந்திப் போய், இடது பக்கம் சாய்ந்து, ஒரு கண்மாயின் கரையைத் தாண்டி மறைந்தன.

சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன். டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"எத்தனாவது கியர்ல போச்சு ஒன் பஸ்ஸு?"

"அதைப் பாக்கலயே மாமா."

"நாளைக்குப் பாத்துட்டு வா" என்றார்.